பிரதம அதிதிக்கு ரெண்டு மணித்தியாலம், கடைசியா வாறவனுக்கு?

காலை 6.30க்கு எண்டுதான் நோட்டீசில போட்டிருந்தாங்க. பொத்துவிலிலிருந்து கல்முனை வரைக்கும் சைக்கிளோட்டப் போட்டி, ஏறத்தாழ 70 கிலோமீற்றர். சுபஹ் தொழுத கையோட நாங்க போய் வரிசையில நிண்டம். கொடி அசைச்சது 8.40க்கு. இடையில என்ன நடந்ததெண்டு இந்தப் பக்கத்து ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிரதம அதிதி வரல்ல.

நான் கல்முனைக்குள்ள வரக்குள்ள லுஹருக்குப் பாங்கு சொல்லுது. முடிவுக்கோட்டுக்கு மேல ஒரு ஓட்டோ நிண்டது. மேடையைக் கழட்டிட்டாங்க. கதிரைகளை லொறியில ஏத்திக்கொண்டிருந்த தம்பி ஒருத்தன் என்ட இலக்கத்தைப் பார்த்துட்டு, "காக்கா, நீங்களும் ரேஸா? அது எப்பவோ முடிஞ்சே" எண்டான். நேரத்தைக் குறிக்க ஒரு மனிசன் இல்லை. எனக்குப் பின்னால இன்னும் எட்டுப் பேர் வந்துகொண்டிருந்தாங்க.

பரிசு கிடைக்கல்ல எண்டு அழ வரல்ல நான். வேலைக்குப் போய் வாற ஆள். அசர் தொழுதுட்டு ஒலுவில் வரைக்கும் மிதிச்சிட்டு வாறதுதான் என்ட பயிற்சி. நாடளாவிய போட்டிகளில முன்னுக்கு வாறவங்களில பெரும்பாலானவங்க முப்படைக் கழகங்கள்ட வீரர்கள். அவங்களுக்கு அது தொழிலின் ஒரு பகுதி. அவங்களோட மோதி வெல்ல ஏலாதெண்டு எனக்கும் தெரியும். எனக்கு வேணுமா இருந்தது ஒரேயொரு இலக்கம்: எத்தனை மணித்தியாலம், எத்தனை நிமிசம். போன வருசத்தை விட நல்லா ஓடினேனா இல்லையா? என்னைப் போல ஆள் ஒருத்தனுக்குப் போட்டி எண்டா அதுதான். அதைத்தான் லொறியில ஏத்திட்டாங்க.

ஏற்பாட்டாளர்ட்டக் கேட்டா ஒரே பதில்தான் வரும்: "பிரதான வீதி தம்பி, மத்தியானம் வரைக்கும் பொலிஸ் மறிச்சி வெச்சிருக்க ஏலுமா?" நியாயமான கேள்வி. கணக்குப் பார்ப்போம். மணிக்கு 35 கிலோமீற்றர் வேகத்தில வாறவன் 70 கிலோமீற்றரை 2 மணித்தியாலத்தில முடிப்பான். 20ல வாறவனுக்கு மூன்றரை மணித்தியாலம். வித்தியாசம் ஒன்றரை மணித்தியாலம். கடைசி ஆளுக்காக நீங்க காத்திருக்க வேண்டியது அவ்வளவுதான். அதிதிக்காகக் காத்திருந்தது 2 மணித்தியாலமும் 10 நிமிசமும். சொன்ன நேரத்துக்குக் கொடி அசைச்சிருந்தா, கடைசிக்கு முதல் ஆள் வரைக்கும் எல்லாரும் 10 மணிக்குள்ள கல்முனையில நிண்டிருப்பாங்க, வீதியும் திறந்திருக்கும். அப்ப, நேரம் இல்லாம இல்லை. அது ஆருக்கு எண்டதுதான் கேள்வி.

நேரம் பிந்தினா வெயில் மட்டுமில்லை, காத்தும் வரும். அது ஜூலை மாசம், கச்சான் காலம். வெயில் ஏற ஏற மேற்கால இருந்து அனலா அடிக்கும். நாங்க வடக்கு நோக்கி வாறம், அதாவது காத்து இடது கைப்பக்கம். சைக்கிள் ஓட்டாதவங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கணும். எதிர்க்காத்தெண்டா முன்னால போறவனுக்கு நேர் பின்னால ஒட்டிக்கொள்ளலாம், மூணில ஒரு பங்கு வரைக்கும் பலம் மிச்சம். பக்கக் காத்துக்கு அது சரிவராது. அவனுக்குப் பின்னால, வலது பக்கமாச் சரிஞ்சி நிக்கணும். உங்களுக்குப் பின்னால வாறவன் இன்னும் வலதுக்கு. இப்பிடி வரிசை சாய்வா நீண்டு றோட்டு நடுவுக்குப் போயிரும். முன்னால போன இருபது பேருக்கு பொலிஸ் மோட்டார் சைக்கிள் இருந்தது, முழு றோட்டையும் எடுத்துச் சாய்ஞ்சி சாய்ஞ்சி போனாங்க. எங்களுக்கு முன்னாலயும் பின்னாலயும் பஸ். மூணு பேர் ஒதுங்கலாம். நாலாவது ஆள் வெள்ளைக் கோட்டு ஓரத்தில தனியாக் காத்துக் குடிக்கணும். களியோடைப் பாலத்திலிருந்து நிந்தவூர் வயல் முடியிற வரைக்கும் அந்த நாலாவது ஆள் நான்தான்.

ஒரே போட்டி எண்டு சொன்னாங்க, ஆனா ரெண்டு றோட்டு. பலமானவனுக்கு மூடின றோட்டு, பலமில்லாதவனுக்குத் திறந்த றோட்டு! விபத்து நடக்கிறதெண்டா எங்க நடக்கும்?

வெளியில இதை எப்பிடிச் செய்றாங்க? பாரிஸிலிருந்து பிரெஸ்ற் போய்த் திரும்புற 1200 கிலோமீற்றர் ஓட்டம் இருக்கு. 1891ல பந்தயமாத் தொடங்கினது, இப்ப நாலு வருசத்துக்கு ஒருக்கா நடக்குது. ஆகக் கூடின நேரம் 90 மணித்தியாலம், அதுக்குள்ள வந்தா நீங்க முடிச்ச ஆள். முதலாமிடம், ரெண்டாமிடம் எண்டு ஒண்டும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்தும் ஆக்கள் போய் ஓடிட்டு வாறாங்க. நம்மட போட்டியில ஆகக் கூடின நேரம் எவ்வளவு எண்டு ஆராவது கேட்டிருக்கீங்களா? அப்பிடியொண்டு எழுதப்படவே இல்லை. கதிரைக்காரன் அவசரப்படுற நேரம்தான் முடிவு நேரம்.

மஸூமா அலி ஸாதா எண்ட ஆப்கான் பெண்ணைக் கேள்விப்பட்டிருப்பீங்க. 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில அகதிகள் அணிக்காக, தலையை மூடிக்கொண்டு நேரக்கணிப்பு ஓட்டத்தில ஓடினவ. 25 பேரில 25ஆவது. அவட நேரம் நொடி வரைக்கும் பதிவில இருக்கு. நம்மட கோட்டில அவ வந்திருந்தா ஓட்டோவுக்குப் பின்னால நிண்டிருப்பா. இல்லை, அதுவும் பொய். நம்மட போட்டி விண்ணப்பத்திலயே பெண்களுக்கு இடமில்லை. பின்னேரம் பாருங்க, சாய்ந்தமருதுக்கும் கல்முனைக்குடிக்கும் இடையில ரியூசனுக்குப் போற பிள்ளைகள் அபாயாவோட எவ்வளவு லாவகமா சைக்கிள் மிதிக்கிறாங்க எண்டு. அதை ஆரும் குறை சொல்லக் காணல்ல. போட்டி எண்ட உடனே மட்டும் எல்லாருக்கும் தொண்டை கட்டிரும்.

2022ல பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில நீண்ட காலத்தில ஊரே சைக்கிளில ஏறிச்சு. வாத்தியார், மேசன், மீன் யாவாரி எல்லாரும். பழைய சைக்கிளுக்கும் அப்பிடியொரு விலை. பெற்றோல் வந்ததும் எல்லாம் திரும்பக் கோடிப்பக்கம் சாத்தி வெச்சாச்சு. அவங்கள்ல நூறு பேரைப் போட்டிக்குள்ள வெச்சிருந்திருக்கலாம். முதல் மூணு பேருக்கு மட்டும் நடத்துற போட்டிக்கு அவங்க ஏன் வரணும்?

அடுத்த போட்டிக்கு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. விண்ணப்பம் எடுத்துட்டன். பெயர், அடையாள அட்டை இலக்கம், கழகம், ரீசேட் சைஸ். கீழ கொஞ்சம் வெற்றிடம் கிடந்தது. அதில பேனையால எழுதிக் குடுத்திருக்கன்: "எத்தனை மணி வரைக்கும் நிப்பீங்க?"