வாடகையை நம்பி மாடி கட்டலாமா? வட்டி ஏறினா அடி பலம்!

திருப்பூர்: பனியன் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட, கடன் வாங்கி லைன் வீடு கட்டுவது திருப்பூரில் சகஜம். வர்ற வாடகையில் தவணை ஓடிடும் என்பது கணக்கு.

அந்த கணக்கை வட்டி கவிழ்த்தது. 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. 10 லட்சம் கடன், 20 வருஷ கெடு என்றால் 7 சதவீத வட்டிக்கு மாத தவணை ரூ.7,753. அதுவே 9.5 ஆனால் ரூ.9,321. கூடுதல் ரூ.1,568-ஐ வாடகையில் ஏத்தினா, குடித்தனக்காரர் வேற வீடு பார்த்துடுவார். 2025-ல் ரெப்போ இறங்கியது. மறுபடி ஏறாது என்று யாரும் எழுதித் தரவில்லை.

தவணை 90 நாள் நின்றால் வாராக்கடன். அடுத்து 60 நாள் நோட்டீஸ், பிறகு ஜப்தி, ஏலம். மாடிக்காக அடமானம் வைத்தது குடியிருக்கும் வீட்டையும் சேர்த்துதான். 3 மாசம் வாடகை வராவிட்டாலும் தவணை கட்ட காசு இருந்தால் மட்டும் மாடி கட்டணும்.