கதைக்குப் படம் போட்டவர் கூலிக்காரரா?

எழுத்தாளர் படியளப்பவர், ஓவியர் கைகட்டி நிற்பவர். கதை முதலில், படம் அதன் வால். தமிழ்ப் பத்திரிகைகளைப் பற்றிப் பேசும் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். தஞ்சைச் சீமைக்காரர்களின் கதை அதற்கு ஒத்துவரவில்லை.

படியளந்தவர் என்று சொல்ல வாகானவர் கல்கிதான். மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்துக்காரர். 1941இல் சதாசிவத்தோடு சேர்ந்து சொந்தப் பத்திரிகை தொடங்கியவர். ஓவியர் மணியம் அங்கே சம்பளத்துக்கு வரைந்தவர். சரி, கூலிக்காரரை யாராவது அஜந்தா, எல்லோரா என்று கூடவே அழைத்துப் போவார்களா? ‘சிவகாமியின் சபத’த்துக்காகக் கல்கி அழைத்துப் போனார். 1950இல் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியதும் வந்தியத்தேவனுக்கு முகத்தையும் நந்தினிக்குக் கொண்டையையும் வாராவாரம் தந்தது மணியத்தின் தூரிகை. அதே நாவலுக்குப் பின்னாளில் படம் போட வந்தவர்களுக்கு அந்தக் கொண்டையைத் தாண்டுவது பெரும்பாடு.

படம் கதையின் வால் என்பவர்கள் துப்பறியும் சாம்புவை மறந்துவிடுகிறார்கள். அவனைப் படைத்த திருவிடைமருதூர் தேவன் 1957இல் காலமானார். அதன் பிறகு விகடனில் சாம்புவைச் சித்திரத் தொடராக நடமாடவிட்டவர் கோபுலு: தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். எழுதியவர் போன பின்னும் பாத்திரம் பிழைத்தது கோட்டில்தான்.

பணம்? தேவனுக்கும் கோபுலுவுக்கும் சம்பளம் வந்தது ஒரே இடத்திலிருந்து: வாசன் நடத்திய விகடன். ஒருவர் ஆசிரியர், ஒருவர் ஓவியர். ஒருவர் கையை மற்றவர் எதிர்பார்க்கவில்லை. 1963இல் கோபுலு விகடனை விட்டு விளம்பரத் துறைக்குப் போனார், பின்னர் சொந்த நிறுவனமும் தொடங்கினார். பேனாவை நம்பித் தூரிகை பிழைத்தது என்பதற்கு இங்கே இடமில்லை.

சிற்றிதழ்ப் பக்கம் வந்தால் வாதம் இன்னும் ஆட்டம் காணும். ‘கசடதபற’ போன்ற இதழ்களில் எழுதியவருக்கே சன்மானம் கிடையாது. மாயவரத்தை அடுத்த திருஇந்தளூரில் பிறந்த ஞானக்கூத்தனின் ‘அன்று வேறு கிழமை’ கவிதைத் தொகுப்பு 1973இல் ஓவியர் ஆதிமூலத்தின் கோட்டோவியங்களோடு வந்தது. அதில் யார் முதலாளி, யார் கூலி?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். அநியாயம் நடந்தது பத்திரிகையில் அல்ல, புத்தகத்தில். கல்கியின் எழுத்து நாட்டுடைமையானதும் ‘பொன்னியின் செல்வ’னை ஆளாளுக்கு அச்சடித்தார்கள். மலிவுப் பதிப்புகள் பலவற்றைப் புரட்டினால் மணியத்தைக் காணோம். அட்டையில் மட்டும் கணினியில் ஒட்டுப்போட்ட ஏதோ ஒரு சோழன் வாளோடு நிற்கிறான்.