நட்டதும் நின்றதும்

அரசுத் திட்டங்களின் பயனை மதிப்பிட அலுவலர்க்குப் பயிற்சி வேண்டும் என்போர், அப்பயிற்சிக்குரிய பாடத்தை அயல்நாட்டு நூல்களில் தேடுகின்றனர். பாடமோ முத்துப்பேட்டையின் உப்புச் சேற்றில் கிடக்கின்றது.

பாமினியாறு, கோரையாறு முதலிய காவிரிக் கிளைகள் கடலொடு கலக்குமிடத்தில் பரந்துள்ளது முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. ஆங்கிலேயர் ஆட்சியில் அக்காட்டைக் கூறுகூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறாக அடியோடு வெட்டியெடுத்தனர். விடுதலைக்குப் பின்னும் பல்லாண்டுகள் அம்முறையே தொடர்ந்தது. வெட்டிய இடம் வெயிலிற் காய்ந்தது. ஈரம் வற்றிய மண் அமிழ்ந்து தொட்டிபோற் குழிந்தது. உட்புகுந்த ஓதநீர் வெளியேற வழியின்றித் தேங்கிற்று. தேங்கிய நீர் வற்ற வற்ற உப்பு மிகுந்தது. அவ்வுப்பு நிலத்தில் அலையாத்தி வித்து வேர்கொள்ளவில்லை.

காடு அழிந்ததற்குக் கரணியம் யாது என்ற வினா எழுந்தபோது, ஏட்டிற் பதிந்த விடை வேறு. ஊரார் மாடு மேய்த்தனர், விறகு வெட்டினர் என்பதே அது. வெட்டியது ஒரு கை. பழி சுமந்தது மற்றொரு தலை. 1990-களில் எம். எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் காட்டுத்துறையோடும் ஊராரோடும் சேர்ந்து நிலத்தையே அளந்து பார்த்த பின்னரே உண்மை துலங்கிற்று. குழிந்த நிலத்தில் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் வந்துபோக வழிசெய்து, கரைகளில் அலையாத்தி நட்டனர், காடு மீண்டது. காயலிலிருந்து காட்டிற்குள் வாய்க்கால் வெட்டி மீன்பிடிப்பது அப்பகுதி மீனவரின் பழைய வழக்கம். நீரோட்டத்திற்கும் மரத்திற்கும் உள்ள உறவை அவர்களிடம் முன்னரே கேட்டிருந்தால் எத்தனை ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்!

மதிப்பீடு தில்லிக்கும் புதியதன்று. 1952 அக்டோபர் 2-இல் குமுகாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய அதே மாதத்தில் திட்ட மதிப்பீட்டு அமைப்பும் தோன்றிற்று. மக்களின் முனைப்பை அத்திட்டம் எழுப்பத் தவறியதை 1957-இல் பல்வந்தராய் மேத்தா குழு எடுத்துக்காட்டியது. 2015-இல் அவ்வமைப்பு நிதி ஆயோக்கின் கண்காணிப்பு மதிப்பீட்டு அலுவலகத்துள் கரைந்தது. பெயர் மாறிற்று, உழவனுக்குப் புரியாத மொழி மாறவில்லை.

தஞ்சை கண்ட பட்டறிவு இன்னும் கசப்பானது. 1960-61-இல் செறிவு வேளாண்மைத் திட்டத்திற்கென முதற்கண் தெரிந்தெடுத்த ஏழு மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. உரம், வித்து, கடன் ஆகியன ஒருங்கே வழங்கப்பட்டன, பின்னர் ஏ.டி.டி. 27 நெல்லும் வந்தது. எத்தனை மூட்டை உரம், எத்தனை கலம் நெல் என்று அளந்தனர். வல்லுநர் குழுவின் மதிப்பீட்டு அறிக்கைகளும் ஆங்கிலத்தில் வெளிவந்தன. விளைந்த நெல்லில் குத்தகையாளனுக்கும் கூலியாளுக்கும் சேர்ந்தது எவ்வளவு என்ற கேள்வி பின்தங்கிற்று. 1968 திசம்பர் 25 இரவில் வெண்மணியில் 44 பேர் எரிந்தனர். திட்டந்தான் தீ வைத்தது என்பது இதன் பொருளன்று. அம்மண்ணில் கூலிப் பூசல் முற்றிக்கொண்டிருந்ததைக் காணாத அளவுகோல் எத்தகைய அளவுகோல் என்பதே கேள்வி. ஆதாயம் பெருநிலக்காரர் பக்கம் சாய்ந்ததைப் பிரான்சின் பிராங்கெல் என்னும் அமெரிக்க அம்மையார் 1971-இல் நூலாக எழுதினார். தஞ்சையின் நிலையைத் தமிழன் ஆங்கில நூல்வழி அறிய நேர்ந்தது.

கணக்குக் கேட்கும் வழக்கம் தமிழர்க்குக் கடன் வாங்கியதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆண்டுகளுக்குரியன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி, அவன் உறவினரும் குடவோலைக்குத் தகுதியிழப்பர் என்கின்றன அவை. அது வேதியர் ஊரவை. உழுதவனுக்கு அங்கு இடமில்லை. அக்குறையை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஏரியைக் காத்தவன் ஊர் முன்னிலையில் விடைசொல்லக் கடமைப்பட்டிருந்தான். 2005-ஆம் ஆண்டு ஊரக வேலையுறுதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பணிகளை ஊரவையே தணிக்கை செய்யவேண்டும் என்றபோது, அவ்வுரிமை உழுதவன் வரை நீண்டது.

இனிப் பயிற்சி. 'அவுட்புட்', 'அவுட்கம்', 'இம்பாக்ட்' என்று மூன்று சொற்களைக் கரும்பலகையில் எழுதி, அவற்றின் வேறுபாட்டை விளக்க ஒரு முற்பகலைச் செலவிடுகின்றனர். முத்துப்பேட்டைப் படகோட்டியிடம் 'நட்டது எத்தனை, நின்றது எத்தனை, நின்றதால் உனக்கு ஆனது என்ன' என்று கேட்டால் மூன்றும் அவனுக்கு உடனே விளங்கும். தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் பெயர் தாங்கிய மறைமலைநகரிலேயே மாநில ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிறுவனம் உள்ளது. அங்கேனும் இம்மூன்று தமிழ்ச் சொற்களும் பலகையேறக் கூடாதா?

பயிற்சியை அறையோடு முடித்துவிடவும் கூடாது. 2018 நவம்பர் 16-இல் வீசிய கசா புயல் முத்துப்பேட்டைக் காட்டைப் பெரிதும் சிதைத்தது. அதன்பின் மீண்டும் நடவு நடந்தது. நட்ட கன்றுகளின் எண்ணிக்கை ஏட்டில் எளிதாக ஏறும். வாய்க்கால்கள் வண்டலால் தூர்ந்துவிட்டனவா, ஓதநீர் கடைமுள் வரை ஏறுகின்றதா, தூர்வாரப் பொருள் ஒதுக்கியுள்ளனரா என்பவற்றை நேரிற் போய்ப் பார்த்தாலன்றி அறியவியலாது. பயிலும் அலுவலரைப் படகிலேற்றி, ஓதம் ஏறும்போது ஒருமுறையும் வடியும்போது ஒருமுறையும் அவ்வாய்க்கால்களைக் காட்டவேண்டும். அவர்கள் எழுதும் அறிக்கை தமிழில் அமையவேண்டும்; சென்னைக்குச் செல்லுமுன் கரையோர ஊரவைகளில் உரக்கப் படிக்கப்படவேண்டும்; மீனவரும் உழவரும் சொல்லும் மறுப்பு அதன் கடைப்பக்கத்தில் சொல் மாறாமல் சேர்க்கப்படவேண்டும். மதிப்பீட்டுத் துறையினர் இம்மூன்றையும் அடுத்த பயிற்சி வகுப்பிலேயே தொடங்கலாம். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.