திருத்துகிறோமாம்!

என் நாவல் ஒன்றைப் படித்துவிட்டு ஓர் அன்பர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். "உங்களைப் போன்றவர்கள் திருடனுக்குப் பரிந்து பேசிப் பேசியே ஊர் கெட்டுவிட்டது. சிறைச்சாலை வெறும் தண்டனைக்காக இல்லை ஐயா, மனிதனைத் திருத்துவதற்காக!" என்கிறார்.

முதல் வாக்கியத்துக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. நான் திருடனுக்குப் பரிந்து பேசியவனல்லன். ஒரு பையனைச் சிறைக்கு அனுப்பி வைத்தவன். அந்த யோக்கியதையில்தான் இரண்டாவது வாக்கியத்துக்குப் பதில் எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் என் வீட்டில் ஒரு சங்கிலி காணாமற்போயிற்று. நாலு பவுன். தண்ணீர் கேன் போடும் பையன் அன்று வந்து போயிருந்தான். பத்தொன்பது வயது. கேனைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறும்போதே சீட்டியடித்துக்கொண்டு வருவான். "யார் மேலே சந்தேகம்?" என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். சொன்னேன், கையெழுத்தும் போட்டேன். கோர்ட்டில் அவனுக்கு ஜாமீன் கிடைக்கத்தான் கிடைத்தது. ஆனால் சொத்துக் காகிதத்தோடு வந்து கையெழுத்துப் போட இரண்டு பேர் வேண்டுமே! சொத்துள்ள இரண்டு பேரைத் தெரிந்திருந்தால் அவன் ஏன் தண்ணீர் கேன் சுமக்கிறான்? எட்டு மாதம் உள்ளே இருந்தான். பிறகு சாட்சியமில்லை என்று விடுதலையானான். சங்கிலியை அவன் எடுத்தானா இல்லையா என்பது எனக்கு இன்றும் தெரியாது. நான் சொல்ல வந்ததற்கு அது தெரியவும் வேண்டியதில்லை.

பிறகொரு நாள் கடைத்தெருவில் அவனைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத் துணிவில்லாதவன் என்ன செய்வானோ அதைச் செய்தேன்: டிபன் சாப்பிட அழைத்துப் போனேன். சர்வர் மேஜையருகே வந்து நின்றதும் பையன் சட்டென்று எழுந்து நின்றுவிட்டான். "உட்காரப்பா" என்றேன். உட்கார்ந்தான். சாப்பிட்டு முடித்த பிறகு எச்சிற்கையோடு அப்படியே இருந்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். "கை கழுவிக்கலாமா சார்?" என்று கேட்டான்.

சீட்டியடித்துக்கொண்டு படியேறியவன், கை கழுவ என்னிடம் அநுமதி கேட்கிறான்! அதுவும் என்னிடம்!

இதுதான் அன்பர் சொல்லுகிற 'திருத்தம்'. உள்ளே இருப்பவன் எழுவதும் குளிப்பதும் உண்பதும் பிறர் சொல்லும் வேளையில். பொழுது சாயுமுன் தலைகளை எண்ணிப் பூட்டிவிடுவார்கள். அவன் தானாகத் தீர்மானிக்க அங்கே ஒன்றுமில்லை. ஆனால் திருடுவதா வேண்டாமா என்பது ஒரு மனிதன் தானாகச் செய்துகொள்ள வேண்டிய தீர்மானமல்லவா? தீர்மானிக்கிற சக்தியையே மரத்துப்போகச் செய்துவிட்டு, "போ, இனி நல்லவனாக இருக்கத் தீர்மானித்துக்கொள்" என்று வெளியே தள்ளுகிறோம். காலை ஒடித்துவிட்டு ஓடச் சொல்லுகிற வைத்தியம் இது.

"அதெல்லாம் நம் ஊர்ச் சிறைகளின் கோளாறு. நல்ல எண்ணத்தோடு நடத்தினால் திருந்துவார்கள்" என்று சொல்லுவீர்கள். நல்ல எண்ணத்தோடும் நடத்திப் பார்த்தாயிற்று. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் 1829-இல் ஈஸ்டர்ன் ஸ்டேட் என்று ஒரு சிறையைத் திறந்தார்கள். அதற்குப் பின்னால் இருந்தவர்கள் கொடியவர்களல்லர். குவேக்கர் சமயத்தின் கருணையில் ஊறியவர்கள். அடி உதை கூடாது, ஆளுக்கொரு அறை, கையில் பைபிள், கூரையில் வெளிச்சத்துக்கு ஒரு துவாரம். தனிமையில் இருந்தால் மனச்சாட்சி பேசும் என்று நம்பினார்கள். வெளியே கொண்டுபோகும்போது மற்றவன் முகம் தெரியாதபடி கைதியின் தலையில் முகமூடி மாட்டினார்கள். 1842-இல் அதைப் பார்க்கப் போனார் சார்லஸ் டிக்கன்ஸ். உடலை வதைப்பதைக் காட்டிலும் இது கொடியது, உள்ளே போனவன் மனம் சிதைந்துதான் வெளியே வருவான் என்று எழுதினார். ஒரு நாவலாசிரியனுக்கு ஒரே நாளில் தெரிந்தது அதிகாரிகளுக்குத் தெரிய வெகுகாலம் பிடித்தது. 1913-இல்தான் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

நாம் கைவிட்டோமா? 1860-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டம் கடுங்காவலோடு மொத்தம் மூன்று மாதம்வரை தனிச்சிறையை அநுமதித்தது. அதை நீக்கிவிட்டு, 2024 ஜூலையில் பாரதீய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தது. பெயர் மாறிற்று, தனிச்சிறை மட்டும் பத்திரமாக இருக்கிறது.

தண்டனைக்குச் சட்டப் புத்தகங்கள் நான்கு நோக்கம் சொல்லுகின்றன: பழி, பயமுறுத்தல், பாதுகாப்பு, திருத்தம். சரி. ஆனால் இந்த நான்கும் குற்றவாளி என்று தீர்ப்பானவனுக்கு அல்லவா? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75 பேருக்கு மேல்! இன்னும் குற்றவாளி என்று ஆகாதவனிடம் எதைத் திருத்துகிறீர்கள்? அவனுடைய ஏழ்மையையா?

1978-இல் மோத்தி ராம் என்ற ஏழைக் கொத்தனாருக்கு ஜாமீன் வேண்டுமென்றால் பத்தாயிரம் ரூபாய்க்கு ஆள் காட்டு என்றார் மாஜிஸ்திரேட். அண்ணன் தம்பி முறையில் ஒருவர் ஜாமீன் நிற்க வந்தார்; அவருடைய சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்தார். மறு வருஷமே, ஹுசைனாரா காத்தூன் வழக்கில், ஊரில் வேர் உள்ள ஏழையைச் சொந்த உறுதிமொழியின் பேரிலேயே விடலாம் என்று அதே கோர்ட் சொல்லிற்று. பீகார்ச் சிறைகளில், குற்றம் ருசுவானால்கூட அடைந்திருக்க முடியாத காலத்துக்கும் மேலாக அடைபட்டுக் கிடந்தவர்களின் வழக்கு அது. இவ்வளவுக்கும் பிறகுதான் என் தண்ணீர்ப் பையனுக்கு இரண்டு ஆள் கேட்டார்கள்.

"உன் மகளின் கழுத்தில் கத்தி வைத்தவனாக இருந்தால் இப்படி எழுதுவாயா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எழுத மாட்டேன், அவனைப் பூட்டி வைக்கச் சொல்லுவேன். பூட்டித்தான் வைக்க வேண்டும். ஆனால் அது நம்முடைய பாதுகாப்புக்காக, அவனுடைய ஆத்ம லாபத்துக்காக அன்று. வெளியே போகும் உரிமையைப் பறிப்பதே தண்டனை, அதற்கு மேல் எதையும் பறிக்காதே என்பது நார்வேக்காரர்களின் கொள்கை. 2010-இல் அவர்கள் திறந்த ஹால்டன் சிறையில் கொலைகாரனும் இருக்கிறான். அவன் விரும்பினால் தன் சோற்றைத் தானே சமைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு என்ன சமைப்பது என்று அவன் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த அற்ப யோசனை அவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது, கை கழுவ அநுமதி கேட்டவனைப் பார்த்த எனக்குத் தெரியும்.

அன்பரே, நான் அன்று ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டபோது அந்தப் பையன் திருந்த வேண்டும் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை. என் நாலு பவுன் போயிற்று. யாராவது கஷ்டப்பட வேண்டும் என்று நினைத்தேன். நீங்களும் அதைத்தான் நினைக்கிறீர்கள். பழி வேண்டுமென்றால் பழி என்று சொல்லிக் கேளுங்கள்; அதில் ஒரு நேர்மையாவது இருக்கும். திருத்துகிறோம் என்று மட்டும் இனி எனக்கு எழுதாதீர்கள்.