பல்லக்கும் படகும்



அமெரிக்காவில் டிஸ்னி கம்பெனியார் தங்கள் கேளிக்கைத் தோட்டத்தில் 1989-ல் ஒரு சவாரியை ஏற்படுத்தினார்கள். ஜனங்களைப் படகிலேற்றி, உயரத்திலிருந்து தண்ணீரில் சறுக்கி விடுவது. அதற்கு ஜோடித்த கதையோ, அவர்களே 1946-ல் எடுத்த ஒரு சினிமாவிலிருந்து வந்தது. வெள்ளைக்காரன் பண்ணையில் கறுப்பு மக்கள் பாட்டும் சிரிப்புமாகச் சந்தோஷமாய் இருந்தார்கள் என்று காட்டிய சினிமா அது. வெளிவந்தபோதே கறுப்பு மக்களின் சங்கத்தார் ஆட்சேபித்தார்கள்.

2020-ல் கதையை மாற்றப் போவதாகக் கம்பெனியார் அறிவித்தவுடன், பழமை போகிறதே என்று ஒரு கூட்டம் கூச்சலிட்டது. போனது என்ன? 2024-ல் ஒரு கறுப்புப் பெண்ணைக் கதாநாயகியாக வைத்துச் சவாரி திறக்கப்பட்டது. அதே தண்ணீர், அதே சறுக்கல், பிள்ளைகளுக்கு அதே குதூகலம். இழிவு ஒன்றுதான் போயிற்று.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நம் காஞ்சிபுரத்து நெசவாளரைக் கேளுங்கள். சேலையில் விழும் உருவம் வேண்டாமென்றால் அவர் தறியையா உடைக்கிறார்? ஜக்கார்டு பெட்டியில் அட்டையை மாற்றுகிறார். பட்டும் அதே, சரிகையும் அதே!

இந்தச் சிறு புத்தி நம் மடங்களுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறோம். நம் நாட்டிலும் இழிவில் பிறந்த சவாரி ஒன்று உண்டு. தருமபுரம் ஆதீனத்தின் பட்டினப் பிரவேசத்தில், மடாதிபதி பல்லக்கில் உட்கார, மனிதர்கள் தோளில் சுமக்கிறார்கள். 2022 ஏப்ரலில் மயிலாடுதுறைக் கோட்டாட்சியர் இதற்குத் தடை விதித்தார். எதிர்ப்புக் கிளம்பியது, மே மாதத்தில் தடை நீங்கியது, பல்லக்கும் போயிற்று.

விரும்பித்தானே சுமக்கிறார்கள் என்கிறார்கள். சுமப்பது அவ்வளவு புண்ணியமானால், ஒரு வருஷமாவது சுமக்கிறவர் உட்கார, உட்காருகிறவர் சுமக்கட்டுமே! அது நடவாதென்றால், இது பக்தியா, ஏறுகிறவன் வேறு சுமக்கிறவன் வேறு என்ற பழைய ஜாதிப் புத்தியா?

வழக்கம் என்கிறார்கள். மனிதனை மனிதன் இழுத்த கை ரிக்ஷாவும் வழக்கமாகத்தான் இருந்தது. 1973-ல் கலைஞர் கருணாநிதி அரசு அதை ஒழித்து, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்ஷா கொடுத்தது. எவருடைய பயணமும் நின்றுவிடவில்லை. 2025 ஆகஸ்டில் மராட்டியத்து மாத்தேரான் மலையிலும் கை ரிக்ஷாவை ஆறு மாதத்திற்குள் நிறுத்த வேண்டுமென்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆகவே, ஊர்வலத்தை நிறுத்து என்று நாம் சொல்ல வரவில்லை. மேளம் வாசிக்கட்டும், தீவட்டி எரியட்டும், மடாதிபதி வண்டியில் வரட்டும், அல்லது காலால் நடந்து வரட்டும். மனிதன் தோளை மட்டும் விட்டு இறங்கட்டும்.

லாபம் ஒன்றையே கருதும் வியாபாரிக்கே பிறரை இழிவு செய்யும் கதை கூடாதென்று தோன்றிவிட்டது. அருள் பேசும் மடத்திற்கு அது என்றைக்குத் தோன்றும்? வாசகர்களே யோசித்துப் பார்ப்பீர்களாக.