நாவல் கொட்டைக்குள் என்னென்ன?



நாவல் பழம் கடைத்தெருவுக்கு வந்துவிட்டால் உங்கள் கடிதங்களில் ஒரு கேள்வியும் கூடவே வந்துவிடும். கொட்டைப் பொடி சர்க்கரை நோய்க்கு நல்லதா? இந்த ஆண்டு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். பொடி டப்பாக்களில் ‘பாலிஃபீனால் நிறைந்தது’ என்று அச்சிடுகிறார்களே, அதை நம்பலாமா? இவ்விதழின் முகப்புக் கட்டுரையே அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான்.

கொட்டையைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்புக்குப் பெரும் காரணம் பாலிஃபீனால்கள். அதன் சாற்றில் ஃபெரிக் குளோரைடு சில துளி விட்டால் கருநீலமாகும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அங்கே நடப்பதும் இதே வகை வினைதான். ஆக, ‘இருக்கிறது’ என்று சொல்வது எளிது.

‘எவ்வளவு’ என்பதற்கு ஃபோலின்-சியோகால்டு கரைசல் உண்டு. 1927-ல் புரதத்திலுள்ள டைரோசினை அளப்பதற்காக வந்த அந்த முறையை, 1965-ல் சிங்கிள்டனும் ரோசியும் ஒயினிலுள்ள ஃபீனால்களை அளக்க ஏற்றபடி திருத்தினார்கள். நீலம் அடர அடர அளவு கூடுதல் என்று கொள்வார்கள். ஆனால் வைட்டமின் சி இருந்தாலும் அந்தக் கரைசல் நீலமாகும். ஊரில் எத்தனை தலை என்று எண்ணிவிட்டால், அதில் வைத்தியர் யார் என்று தெரிந்துவிடுமா? அந்த ஒற்றை எண்ணைக் காட்டி மருந்து விற்பதை நான் ஏற்கவில்லை.

ஒவ்வொரு சேர்மத்தையும் பெயர் சொல்லி அடையாளம் காண்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. உலர்த்திப் பொடித்த கொட்டையிலிருந்து முதலில் கொழுப்பை நீக்குகிறார்கள். பிறகு நீர் கலந்த மெத்தனாலில் ஊறவைத்து, வடித்த சாற்றை, சேர்மங்களைப் பிரிக்கும் எச்.பி.எல்.சி. கருவிக்குள் செலுத்துகிறார்கள். சேர்மங்கள் அதனதன் நேரத்தில் பிரிந்து வரும். கொட்டையிலுள்ள காலிக் அமிலம் முந்தி வரும், எலாஜிக் அமிலம் பிந்தி வரும். வந்ததன் மூலக்கூறு எடையைப் பார்த்தால் போதாதா என்று தோன்றும். போதாது. எலாஜிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 302. வெங்காயத்தில் இருக்கிற குவெர்செட்டினுக்கும் 302! எடையை நுட்பமாக அளக்கும் கருவியில் பார்த்தால் ஒன்று 302.006, மற்றது 302.043. அந்தச் சிறு வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும்; மூலக்கூறை உடைத்துத் துண்டுகளையும் பார்க்க வேண்டும்; தூய மாதிரியைப் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிடவும் வேண்டும். அதன் பிறகுதான் பெயர் எழுதலாம். இந்தப் பொறுமைமீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

பெயர் தெரிந்து என்ன பயன் என்கிறீர்களா? எலாஜிக் அமிலம் உடலில் அப்படியே அதிகம் சேர்வதில்லை. குடலிலுள்ள பாக்டீரியாக்கள் அதை யூரோலித்தின்கள் என்ற பொருள்களாக மாற்றுகின்றன. அதற்கான பாக்டீரியாக்கள் எல்லோர் குடலிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரே பொடியைச் சாப்பிடும் இருவரின் உடலுக்குள் ஒரே பொருள்கள்தான் சேரும் என்று சொல்ல முடியாது. ஆகவே, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறாதீர்கள். பொடியும் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கொட்டையிலுள்ள டானின் என்ற பெரிய பாலிஃபீனால் மூலக்கூறுகள் சூட்டிலும் அமிலத்திலும் உடைந்து காலிக், எலாஜிக் அமிலங்களைத் தரும். பக்குவம் மாறினால் சாற்றில் கிடைப்பதும் மாறும். உங்கள் வீட்டில் கொட்டையை நிழலில் காயவைப்பார்களா, வெயிலிலா? வறுப்பதுண்டா? மோரில் கலக்குவார்களா, வெந்நீரிலா? ஊர்ப் பெயரோடு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்