மூடிக்கு ஓர் இடம்

"உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடலாமோ?" என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. ஊர்வாயின் வலிமையைச் சொல்லவந்த முன்னோர், உலைவாயை மூடுதல் எளிய காரியம் என்று கூறிச் சென்றனர். மூடுதல் எளிதே. மூடியதைத் திறந்த பின்னர், ஆவி பறக்கும் அம்மூடியை எங்கே வைப்பது? இவ்வினாவுக்குப் பழமொழியில் விடை இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை எமது அடுக்களையிலும் விடை இருக்கவில்லை.

நமது பழைய அடுக்களையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அகப்பைகளுக்கு அகப்பைக்கூடு உண்டு. அடி உருண்ட பானை அசையாதிருக்கப் புரிமணை உண்டு. அதனைத் திருகணை என்றும் சொல்வர். பாலுக்கும் தயிருக்கும் உறி உண்டு. சுளகு சுவரில் தொங்கும். மூடிக்கு மாத்திரம் தனக்கென ஓர் இடம் இல்லை. இதன் காரணம் ஊகிக்கத்தக்கது. மூடியின் இருப்பிடம் பானையின் வாய். அடுப்பு எரியாத வேளையில் அது தன் இடத்திலேயே அமர்ந்திருக்கின்றது. ஆதலின் அதற்கு வேறோர் இடம் வேண்டும் என்பது எவர் கண்ணிலும் படுவதில்லை. உலை கொதித்த பின்னரே, அதுவும் தொட முடியாதபடி சுடும் அந்த வேளையிலேயே, அது போக்கிடம் அற்றதாகின்றது.

இதனை நான் அறிந்த வரலாறு பெருமைக்குரியதன்று. மனைவியார் காய்ச்சலுற்றுப் படுத்திருந்த ஒரு நாள், சமையற் பொறுப்பு என்மேல் வந்தது. உலை பொங்கிற்று. வலக்கையில் அகப்பையை ஏந்தி, இடக்கையில் துணியைப் பற்றி மூடியை எடுத்தேன். எடுத்தபின் திகைத்து நின்றேன். இடப்புறத்தில் வெறுஞ்சுவர். வலப்புறத்தில் அரிந்து வைத்த கத்தரிக்காய். மூடியின் உட்புறத்திலிருந்து கொதிநீர் மணிக்கட்டிலே சொட்டிற்று. அவசரத்தில், பின்னால் இருந்த சிறிய வாங்கின்மேல் மூடியை வைத்துவிட்டுத் திரும்பினேன். அகப்பையை இரண்டு முறை சுழற்றியிருக்க மாட்டேன். சோறு ஆயிற்றா என்று கேட்க வந்த எம் ஐந்து வயது மகள் அவ்வாங்கின்மேல் கையை ஊன்றினாள். மூடியின் விளிம்பு பதிந்த பிறைவடிவத் தழும்பு அவளது முன்கையில் இன்றும் இருக்கின்றது.

அன்றிரவு குழந்தை உறங்கிய பின்னர் மனைவியாரிடம், "நீர் மூடியை எங்கே வைப்பீர்?" என்று கேட்டேன்.

"எங்கே வைக்கிறது? கையிலேதான் பிடித்துக்கொண்டு நிற்பேன்" என்றார்.

பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் சமைத்த உணவை உண்டவன் நான். வெப்பத்தின் இயல்பை மாணவர்க்குக் கற்பிப்பவனும் நானே. அந்த இரவு வரை அவ்வினாவைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

வகுப்பிலே நாம் சொல்வது இது: 1 கிராம் நீரை 0 பாகை செல்சியசிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 100 கலோரி வெப்பம் போதும். கொதிக்கும் அதே நீரைக் கொதிநீராவியாக மாற்றவோ, மேலும் ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். வெப்பமானியில் தோன்றாத இதனை மறைவெப்பம் என்பர். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யோசேப்பு பிளாக் என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்து விளக்கினார். கொதிநீராவி தோலிற் பட்டு நீராகும்போது, மறைந்திருந்த வெப்பம் முழுவதும் தோலுக்குள் இறங்குகின்றது. ஆகையால் மூடியைத் திறக்கும்போது, முகத்துக்கு அப்பாலுள்ள விளிம்பையே முதலில் உயர்த்துதல் வேண்டும். அப்பொழுது மூடியே கேடயமாகி ஆவியை மறுபுறம் செலுத்திவிடும்.

திறந்த மூடியை வைக்கும் முறையிலும் சில நுட்பங்கள் உண்டு. வழுவழுப்பான கல்லின்மேல் கவிழ்த்து வைத்தால், உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்க, வெளியிலுள்ள வளியமுக்கம் மூடியைக் கல்லோடு ஒட்டவைத்துவிடுவதுண்டு. மல்லாத்தி வைத்தால், உருண்டைப் பிடியின்மேல் அது தள்ளாடும். உட்புறத்து வெந்நீர் சிந்தும். சூடான கண்ணாடி மூடியைக் குளிர்ந்த ஈரக் கல்லில் வைத்தால் வெடிக்கவும் கூடும். சுவரிற் சாய்த்து, நிமிர்த்தி வைத்தலே சாலச் சிறந்தது. நீர் ஒரே இடத்தில் வடியும். இடமும் குறைவாகவே வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் என் மகனும் ஒரு முழப் பலகை ஒன்றைத் தேடி எடுத்தோம். அதன் முன்விளிம்பில் மெல்லிய மரச்சலாகை ஒன்றை அறைந்தோம். மூடி வழுக்கி விழாமல் அச்சலாகை தடுக்கும். சொட்டும் நீரை ஏற்கப் பழைய தட்டொன்றைப் பலகையில் வைத்தோம். இடம் தெரிவதில் மூன்று விதிகளைக் கொண்டோம். முதலாவது, அது அடுப்பின் இடப்புறத்தில் அமைதல் வேண்டும். ஏனெனில் வலக்கை அகப்பைக்கு உரியது, மூடியை எடுப்பது இடக்கை. இடக்கைப் பழக்கமுடையோர் இதனை மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது, தீயின் குறுக்கே கை நீட்ட நேராதபடியும், பலகையில் அனல் படாதபடியும் அது விலகியிருத்தல் வேண்டும். மூன்றாவது, குழந்தையின் கைக்கு அது எட்டலாகாது.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். மகளுக்குச் சுட்ட அன்று நான் பதறிப்போய்ப் பற்பசையைத் தேடி ஓடினேன். அது பிழை. பற்பசையோ வெண்ணெயோ பூசாது, உடனே குழாய்நீரின் கீழ்ச் சுட்ட இடத்தை 20 நிமிடம் பிடித்துக் குளிரச் செய்தலே முறை. கொப்புளம் எழுந்தால் அதனை உடையாது, தூய துணியால் மூடி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதனை நான் அன்றே அறிந்திருந்தால் தழும்பு சற்றுச் சிறிதாக இருந்திருக்கலாம்.

பலகை அமைந்த மறுநாட் காலை, மனைவியார் மூடியை எடுத்து அதில் வைத்தார்; அகப்பையை எடுத்துக் கிளறினார். இடக்கைக்கு வேலை இல்லை. அதனை என்ன செய்வதென்று அறியாதவர்போல், சற்றுநேரம் சேலைத்தலைப்பைப் பற்றிக்கொண்டு நின்றார். அதைக் கண்ட எனக்கு மகிழ்ச்சியிலும் வெட்கமே மிகுதியாயிருந்தது.

இதனை வாசிக்கும் ஆடவரும் மாணவரும், சோறு ஆயிற்றா என்று கேட்கும் முன்னர், ஒருமுறை அடுக்களை வாயிலில் நின்று பாருங்கள். உலை திறக்கும்போது அந்த மூடி எங்கே போகின்றது? அது அம்மாவின் கையிலேயே நிற்குமாயின், ஒரு பலகையும் நான்கு ஆணிகளும் தேடுங்கள்.